ஜிஎஃப்பி ஒளிர்கிறது, நானோபாடி ஒளிரவில்லை: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஒற்றைக் கள ஆன்டிபாடியில், அதாவது ஆய்வகங்களில் நாம் நானோபாடி என்று சொல்லும், குறிப்பிட்ட புரதத்தைப் பிடிக்கும் மிகச் சிறிய ஆன்டிபாடியில், சாயம் ஏற்றி அதைக் கொண்டு ஜிஎஃப்பி, எம்செரி போன்ற ஒளிரும் புரதங்களை நிலைப்படுத்திய செல்களில் கண்டறிபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் நுண்ணோக்கிக் கூடத்துக்கு மாணவர்கள் கொண்டுவரும் சிலைடுகளில் அதே பிழைகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. அவற்றைச் செலவில்லாத சோதனையில் தொடங்கிச் செலவு மிக்க சோதனை வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

வழக்கமான ஆன்டிபாடிச் சாயமேற்றலில் கிடைக்காத ஒரு வசதி இந்த முறையில் உண்டு. நாம் தேடும் புரதம் தானாகவே ஒளிர்வதால், ஒவ்வொரு சிலைடும் தன் சாட்சியைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. ஜிஎஃப்பி இருக்கும் இடத்தில் நானோபாடியும் இருக்க வேண்டும்; ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால், பிழை எந்தப் பக்கம் என்பது அப்போதே பாதி தெரிந்துவிடும். அதனால் பிழை தேடும் நாட்களிலாவது பச்சையாக ஒளிரும் 488 சாயம் ஏற்றிய நானோபாடியை ஒதுக்கிவைத்துவிட்டு, தொலைச்சிவப்பில் ஒளிரும் 647 சாயம் ஏற்றியதைப் பயன்படுத்துங்கள். பச்சையின் மேல் பச்சை ஏறினால் எது ஜிஎஃப்பியின் ஒளி, எது சாயத்தின் ஒளி என்று பிரித்தறிய வழியே இல்லாமல் போகும்.

எந்தச் சோதனைக்கும் முன்பு மூன்று சிலைடுகள் கையில் இருக்க வேண்டும். முதலாவது, ஜிஎஃப்பி உள்ள செல்களில் நானோபாடி இட்டது. இரண்டாவது, ஜிஎஃப்பி உள்ள செல்களில் நானோபாடி இடாதது. மூன்றாவது, ஜிஎஃப்பி இல்லாத செல்களில் நானோபாடி இட்டது. மூன்றையும் ஒரே நாளில், ஒரே கரைசல்களால் தயாரித்து, ஒரே லேசர் அளவிலும் ஒரே கேமரா நேரத்திலும் படம் எடுக்க வேண்டும். இவை இல்லாமல் வரும் சிலைடை நான் திருப்பி அனுப்பிவிடுவது வழக்கம். அவை இல்லாமல் சொல்லும் எந்தக் காரணமும் ஊகமாகவே இருக்கும்.

ஒப்பிடுவதற்கு, கண்ணாடியில் வளர்த்த செல்களுக்கு நாங்கள் பின்பற்றும் அடிப்படை முறை இது: நிலைப்படுத்த 4% பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம், எஞ்சிய ஆல்டிஹைடை அடக்க 100 மில்லிமோலார் அம்மோனியம் குளோரைடில் 10 நிமிடம், சவ்வைத் துளைக்க 0.1% ட்ரைட்டான் எக்ஸ்-100-இல் 10 நிமிடம், தேவையற்ற ஒட்டலைத் தடுக்க 4% பிஎஸ்ஏ என்ற புரதக் கரைசலில் 30 நிமிடம், பிறகு 25 முதல் 50 நானோமோலார் நானோபாடியில் இருட்டில் ஒரு மணி நேரம். ஒவ்வொரு படிக்கும் இடையில் பிபிஎஸ் என்ற உப்புக் கரைசல் (பஃபர்) கொண்டு கழுவுகிறோம். கடைசியில் 10 நிமிட இடைவெளியில் மூன்று முறை கழுவுகிறோம்.

அறிகுறி 1: ஜிஎஃப்பி நன்றாகத் தெரிகிறது; நானோபாடியின் சாயம் அறவே தெரியவில்லை

கண்ணால் தேடுகிறீர்களா, கேமராவால் தேடுகிறீர்களா?

647 சாயத்தின் ஒளி தொலைச்சிவப்பில் விழுவதால் கண்வில்லை வழியே பார்க்கும்போது அநேகமாக எதுவும் தெரியாது. ஒரு மாணவி இரண்டு வாரம் நானோபாடியின் செறிவை மாற்றி மாற்றி முயன்றுவிட்டு அழாத குறையாக வந்தார். அவருடைய முதல் சிலைடையே கேமராவில் அரை விநாடி எடுத்துப் பார்த்தபோது உட்கரு உறை வளையம் வளையமாகத் தெளிவாக நின்றது. பிழை சிலைடில் இல்லை. அவர் இருட்டறையில் கண்வில்லையை விட்டு நகராததே காரணம். ஆகவே எப்போதும் பச்சையில் குவியம் பிடியுங்கள். பிறகு கேமராவுக்கு மாறி 647-ஐத் தேடுங்கள்.

கேமராவிலும் தெரியவில்லை

நானோபாடிக் கரைசலில் ஒரு மைக்ரோலிட்டரை வெறும் சிலைடில் விட்டு, கவர்சிலிப் மூடி, அதே ஃபில்டரில் பாருங்கள். துளி பளிச்சென்று ஒளிர்ந்தால் நுண்ணோக்கியும் சாயமும் குற்றமற்றவை. துளியும் இருட்டாக இருந்தால் ஃபில்டர் கட்டை சரியானதா, லேசர் திறந்திருக்கிறதா, ஒளிமூலம் அந்த அலைநீளத்தைத் தருகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய பாதரச விளக்குகள் 640 நானோமீட்டர் பகுதியில் மிகக் குறைவான ஒளியையே தரும். அத்தகைய நுண்ணோக்கியில் 647 சாயத்தை நம்பி வேலையைத் தொடங்கவே கூடாது.

துளி ஒளிர்கிறது, செல் ஒளிரவில்லை

உங்கள் பச்சைப் புரதம் உண்மையிலேயே ஜிஎஃப்பி வழிவந்ததா என்று பிளாஸ்மிட் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். பச்சையாக ஒளிர்வதெல்லாம் ஜிஎஃப்பி அல்ல. ஜிஎஃப்பி நானோபாடிகள் அக்வோரியா விக்டோரியா என்ற ஜெல்லிமீனின் புரதத்துக்கு எதிராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அதிலிருந்து உருவான இஜிஎஃப்பி, வீனஸ் போன்றவற்றை அவை பொதுவாகப் பிடிக்கும். எம்நியான்கிரீன் ஆம்பியாக்சஸ் என்ற கடலுயிரியிலிருந்து வந்தது. டர்போஜிஎஃப்பி கோப்பிபாட் என்ற நுண்ணிய கடலுயிரியிலிருந்து வந்தது. இவ்விரண்டையும் ஜிஎஃப்பி நானோபாடி தொடாது. சிவப்பிலும் இதே கதைதான்: எம்செரி டிஸ்கோசோமா பவளத்தின் வழிவந்தது, டேக்ஆர்எஃப்பி கடல் அனிமோனின் வழிவந்தது, ஒன்றுக்கான நானோபாடி மற்றொன்றைப் பிடிக்கும் என்று எண்ண வேண்டாம். எந்தக் குளோன், அதாவது எந்த நானோபாடி வகை, எந்தப் புரதத்தைப் பிடிக்கும் என்ற அட்டவணையை விற்பனையாளர்கள் தருகிறார்கள். வாங்கும் முன்பே அதைப் படித்துவிட வேண்டும்.

புரதம் சரியானது, ஆனாலும் ஒளிரவில்லை

நானோபாடி செல்லுக்குள் நுழைந்ததா என்பது அடுத்த கேள்வி. 15 கிலோடால்டன் எடைதான் என்றாலும் முழுமையான சவ்வை அது தானாகக் கடப்பதில்லை. செல்லின் வெளிப்பரப்பில் இருக்கும் ஜிஎஃப்பி மட்டும் தெரிந்து உள்ளே இருப்பது தெரியாவிட்டால் ட்ரைட்டான் படி தவறியிருக்கிறது. ட்ரைட்டானுக்குப் பதிலாகச் சப்போனின் பயன்படுத்துவோர், அதைக் கழுவியவுடன் சவ்வு மீண்டும் மூடிக்கொள்ளும் என்பதை நினைவில் வைத்து, நானோபாடிக் கரைசலிலும் கழுவும் நீரிலும் அதைத் தொடர்ந்து சேர்க்க வேண்டும். ஈஸ்ட் செல்லாக இருந்தால் சைமோலேஸ் கொண்டு செல்சுவரைக் கரைக்காமல் எவ்வளவு ட்ரைட்டான் ஊற்றினாலும் பயனில்லை.

இந்தக் கட்டத்தில் பலர் மெத்தனால், வெப்பம் ஆகியவற்றால் புரதம் குலைந்துவிட்டதோ என்று கவலைப்படுகிறார்கள். ஜிஎஃப்பி ஒளிர்கிறது என்றால் அதன் மடிப்பு குலையவில்லை. குலைந்த ஜிஎஃப்பி ஒளிராது. ஆகவே அந்தத் திசையில் நேரத்தைச் செலவிட வேண்டாம். நீங்களே சாயம் ஏற்றிய நானோபாடியாக இருந்தால் கீழே உள்ள அதற்கான பகுதிக்குச் செல்லுங்கள். வாங்கியது என்றால் காலாவதி நாளையும் அது எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பதையும் பார்த்துவிட்டு, உறுதியாக ஜிஎஃப்பி உள்ள ஒரு செல் வரிசையில் ஒரு முறை சோதியுங்கள். அதிலும் ஒளிராவிட்டால் மூன்று சிலைடுகளின் படங்களோடு விற்பனையாளரின் தொழில்நுட்பப் பிரிவுக்கு எழுதுங்கள்.

அறிகுறி 2: ஜிஎஃப்பியும் தெரியவில்லை, நானோபாடியும் தெரியவில்லை

நிலைப்படுத்தும் முன்பு செல் உயிரோடு இருக்கும்போது பச்சை தெரிந்ததா? தெரியவில்லை என்றால் பிழை நுண்ணோக்கியில் இல்லை, செல்லில் இருக்கிறது. புரதம் உருவாகவே இல்லை.

முன்பு தெரிந்து இப்போது தெரியவில்லை என்றால் இடையில் நடந்த படிகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆல்கஹாலில் நீர் நீக்கினீர்களா, பாரஃபினில் பதித்தீர்களா, பஃபரில் கொதிக்க வைத்தீர்களா, எஸ்டிஎஸ் என்ற வலுவான சோப்புப் பொருளைக் கலந்தீர்களா? இவற்றில் ஏதாவது ஒன்று நடந்திருந்தால் ஜிஎஃப்பியின் மடிப்பு குலைந்திருக்கக்கூடும். நானோபாடி பிடிப்பது அந்த மடிப்பின் வடிவத்தைத்தான். பாரஃபின் வெட்டுகளே தேவை என்றால் இந்த நானோபாடியை விட்டுவிட்டு, குலைந்த புரதத்தையும் அறியும் வழக்கமான பல்குளோன் ஆன்டிபாடிக்கு மாறுவதே நல்லது. நானோபாடிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர்கள் மாதக்கணக்கில் இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இதன் ஒரு கிளை: ஜிஎஃப்பி மட்டும் இருண்டு, நானோபாடி ஒளிர்ந்தால் அது பெரும்பாலும் அமிலத்தின் வேலை. இஜிஎஃப்பியின் ஒளி பிஹெச் 6-ஐ நெருங்கும்போது பாதியாகிவிடும். பழைய பாராஃபார்மால்டிஹைடு, அமிலத் தன்மை கொண்ட மவுண்டிங் திரவம் ஆகிய இரண்டையும் பிஹெச் தாளில் சோதியுங்கள். பிஹெச் 8 உள்ள பஃபரில் சிலைடை ஐந்து நிமிடம் வைத்தால் பச்சை திரும்பிவரும். திரும்பிவந்தால் காரணம் உறுதியாகிவிட்டது.

அறிகுறி 3: எல்லா இடமும் ஒளிர்கிறது

இதுதான் மிக அதிகமாக வருகிறது. எங்கே ஒளிர்கிறது என்பதைப் பொறுத்தே காரணமும் மாறும். மூன்றாவது சிலைடை, அதாவது ஜிஎஃப்பி இல்லாத செல்களில் நானோபாடி இட்டதை, முன்னால் வைத்துக்கொண்டு படியுங்கள்.

செல் இல்லாத வெறும் கண்ணாடியிலும் ஒளிர்கிறது

கழுவியது போதவில்லை, அல்லது கண்ணாடி சுத்தமில்லை, அல்லது புரதத்தோடு ஒட்டாத தனிச் சாயம் கரைசலில் மிச்சமிருக்கிறது. கழுவும் நேரத்தை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். மாறவில்லை என்றால் தனிச் சாயம்தான். கரைசலை மறுபடியும் உப்பு நீக்கும் வடிகுழாயில் ஓட்ட வேண்டும்.

ஆங்காங்கே மிகப் பிரகாசமான புள்ளிகள்

நானோபாடி திரண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பயன்படுத்தும் முன்பு 4 டிகிரியில் பத்து நிமிடம், மைக்ரோ சென்ட்ரிஃபியூஜின் உச்ச வேகத்தில் சுழற்றி, மேலே உள்ள திரவத்தை மட்டும் எடுங்கள். இதைச் செய்யத் தொடங்கிய பிறகு எங்கள் கூடத்தில் புள்ளிப் புகார் ஏறக்குறைய நின்றுபோனது.

உட்கருவும் உட்கருமணியும் ஒளிர்கின்றன

சிறிய அளவும் மின்னேற்றமும் சேர்ந்து நானோபாடியை உட்கருவுக்குள் தங்க வைக்கின்றன. முதலில் செறிவைக் குறையுங்கள்; ஒரு மடங்கு, இரண்டு மடங்கு அல்ல, 50 நானோமோலாரிலிருந்து 5 வரை ஒரு தொடரையே செய்து பாருங்கள். பெரும்பாலானோர் தேவைக்கு மேல் ஐந்து மடங்கு இடுகிறார்கள். அதன் பிறகும் தங்கினால் பிஎஸ்ஏ-வோடு குதிரைச் சீரம் சேர்த்துத் தடுத்துப் பாருங்கள். கடைசிக் கழுவலில் ஒன்றை மட்டும் 500 மில்லிமோலார் உப்புள்ள பஃபரில் செய்யுங்கள். நானோபாடி ஜிஎஃப்பியைப் பிடிக்கும் பிடி இந்த உப்புக்கு அசைவதில்லை. மின்னேற்றத்தால் ஒட்டியது மட்டும் கழன்றுவரும். அம்மோனியம் குளோரைடு படியைத் தவிர்த்தவர்களுக்கும் இதே தோற்றம் வரும். எஞ்சிய ஆல்டிஹைடு எந்தப் புரதத்தையும் பிடித்துக்கொள்ளும்.

மைட்டோகாண்ட்ரியாவும் சவ்வுகளும் இழை இழையாக ஒளிர்கின்றன

சாயம்தான் காரணம். அட்டோ 647என் போன்ற, நேர்மின்னேற்றமும் நீர் வெறுப்பும் கொண்ட சாயங்கள் சவ்வில் ஒட்டும் இயல்புடையவை. தடுப்புக் கரைசலை மாற்றி இதை வெல்வது கடினம். சல்ஃபோனேட் குழுக்கள் நிறைந்த சாயம் ஏற்றிய நானோபாடிக்கு மாறுங்கள். செலவு வருகிறது, ஆனால் தீர்வும் உறுதியாக வருகிறது.

நானோபாடி இடாத இரண்டாவது சிலைடும் ஒளிர்கிறது

அப்படியானால் நானோபாடிக்கு இதில் பங்கே இல்லை. வயதான திசுவில் தானாகவே ஒளிரும் லிப்போஃபஸ்சின் என்ற நிறமி, குளூட்டரால்டிஹைடு, அல்லது பக்கத்து நிறத்தின் ஒளி கசிவது என இந்த மூன்றில் ஒன்று. குளூட்டரால்டிஹைடு பயன்படுத்தியிருந்தால் சோடியம் போரோஹைட்ரைடு கொண்டும், லிப்போஃபஸ்சின் என்றால் சூடான் பிளாக் பி கொண்டும் குறைக்கலாம்.

அறிகுறி 4: ஜிஎஃப்பி இல்லாத இடத்தில் நானோபாடி தெரிகிறது

ஜிஎஃப்பி இல்லாத செல்கள் சுத்தமாக இருந்து, ஜிஎஃப்பி உள்ள செல்லில் மட்டும் கூடுதல் புள்ளிகள் தெரிந்தால், அதைப் பிழை என்று அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். லைசோசோமின் பிஹெச் 5-க்கு அருகில் இருப்பதால் அங்கே சென்ற ஜிஎஃப்பி உயிருள்ள செல்லில் இருண்டு கிடக்கும்; நானோபாடி அதையும் காட்டிவிடும். மடிந்துவிட்டு, ஒளிரும் பகுதி இன்னும் முதிராத புதிய ஜிஎஃப்பியும், வெளிச்சத்தில் வெளுத்த ஜிஎஃப்பியும் அப்படியே. லைசோசோம் குறியீடு ஒன்றைச் சேர்த்து மீண்டும் படம் எடுங்கள். பெரும்பாலும் புள்ளிகள் அதன் மேல் பொருந்தும்.

எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் ஒரே அளவு நகர்ந்திருந்தால் அது செல்லின் செய்தி அல்ல. பச்சையும் தொலைச்சிவப்பும் ஆப்ஜெக்டிவில் ஒரே புள்ளியில் குவிவதில்லை. நான்கு நிறத்தில் ஒளிரும் 0.1 மைக்ரோமீட்டர் மணிகளைப் படம் எடுத்து விலகலை அளந்து திருத்துங்கள். மணிகளில் விலகல் காட்சிப்புலத்தின் ஓரத்துக்கு ஓரம் மாறுபட்டால், அது ஒளிப்பாதைச் சீரமைப்பு தொடர்பானதாக இருக்கலாம். இதற்குப் பொறியாளர் தேவை.

அறிகுறி 5: நானோபாடி இட்டவுடன் ஜிஎஃப்பி மங்குகிறது

568 அல்லது 594 சாயம் ஏற்றியவர்களிடமே இது வருகிறது. நானோபாடி சில நானோமீட்டர் அளவே உள்ளதால் சாயம் ஜிஎஃப்பியை ஒட்டியே நிற்கிறது. ஜிஎஃப்பி பெற்ற ஆற்றல் தன் ஒளியாக வெளிவராமல் சாயத்துக்குத் தாவிவிடுகிறது. 488 லேசரை மட்டும் திறந்து, சிவப்பு ஃபில்டரில் பாருங்கள். இரண்டாவது சிலைடைவிட முதலாவதில் அதிகம் ஒளிர்ந்தால் ஐயம் வலுப்படும். உறுதி செய்ய, ஒரு சிறு கட்டத்தில் சாயத்தை மட்டும் வலுவான லேசரால் வெளுக்க வைத்து, அங்கே பச்சை கூடுகிறதா என்று பாருங்கள். கூடினால் 647-க்கு மாறுவதே தீர்வு. ஜிஎஃப்பியின் செறிவைப் பச்சை ஒளியால் அளக்க வேண்டியவர்கள் அந்த அளவை நானோபாடி இடும் முன்பே எடுத்துவிடுங்கள். சில குளோன்கள் சாயம் இல்லாமலேயே ஜிஎஃப்பியின் ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். இது 2010-இலேயே ஆய்வில் காட்டப்பட்டது.

அறிகுறி 6: தடித்த திசுவில் மேற்பரப்பு மட்டும் ஒளிர்கிறது

150 கிலோடால்டன் எடையுள்ள முழு ஆன்டிபாடியைவிட நானோபாடி ஆழமாகப் போகும் என்பது உண்மை. ஆனால் ஜிஎஃப்பி மிகுந்த திசுவில் மேல் அடுக்குகளே எல்லா நானோபாடியையும் பிடித்துக்கொண்டு, உள்ளே செல்ல எதையும் விட்டுவைப்பதில்லை. ஆழத்தில் பச்சை இருந்து 647 இல்லாவிட்டால் அளவைக் கூட்டுங்கள். 4 டிகிரியில் மெல்ல அசைத்தபடி இரண்டு மூன்று நாட்கள் விடுங்கள். ஆழத்தில் பச்சையும் மங்கினால் ஒளி போய்ச் சேரவில்லை. திசுவைத் தெளிவாக்கும் முறை தேவை. முழு எலியையே தெளிவாக்கி, நானோபாடியால் ஒளியூட்டிப் படம் எடுத்த முறை 2019-இல் மியூனிக்கிலிருந்து வெளிவந்தது. ஆனால் அதற்கான கரைப்பான்களும் நுண்ணோக்கியும் தனி ஏற்பாட்டைக் கோருபவை. அந்தக் கட்டத்தில் அனுபவமுள்ள கூடத்தோடு சேர்ந்து செய்யுங்கள்.

அறிகுறி 7: முதல் நாள் இருந்த ஒளி சில நாட்களில் மங்குகிறது

நானோபாடிக்கு ஒரே ஒரு பிடிதான். முழு ஆன்டிபாடியைப் போல் இரு கைகளால் பற்றுவதில்லை. நாட்கள் செல்லச் செல்ல ஒரு பகுதி கழன்றுவிடும். கழுவி முடித்தபின் 4% பாராஃபார்மால்டிஹைடில் ஐந்து நிமிடம் மீண்டும் நிலைப்படுத்துங்கள். இதைச் செய்தும் மங்கினால் மவுண்டிங் திரவத்தை மாற்றிப் பாருங்கள். பி-ஃபினைலீன்டைஅமீன் கலந்த திரவங்கள் சயனின் வகைச் சாயங்களுக்கு ஆகாதவை.

சொந்தமாகச் சாயம் ஏற்றியவர்களுக்கு

லைசின் என்ற அமினோ அமிலத்தில் ஏறும் என்ஹெச்எஸ் வகைச் சாயத்தைப் பயன்படுத்தினால், நானோபாடியில் இருக்கும் சில லைசின்களில் ஒன்று பிடிக்கும் முனையிலேயே இருக்கக்கூடும். சாயம் கூடக்கூடப் பிடி குறையும். ஒரு மூலக்கூறுக்கு ஒன்று அல்லது இரண்டு சாயம் போதும். வால் முனையில் ஒரு சிஸ்டீன் சேர்த்து மாலிமைடு சாயம் ஏற்றுவது இதைவிடப் பாதுகாப்பானது.

நானே செய்த ஒரு தவற்றை இங்கே சொல்ல வேண்டும். சாயம் ஏற்றிய கரைசலைச் செறிவாக்க, முழு ஆன்டிபாடிக்கு வழக்கமாக எடுக்கும் 30 கிலோடால்டன் வடிகட்டியையே எடுத்தேன். சுழற்றி முடித்தபோது அடிக்குழாயில் அழகான நீலத் திரவம் நின்றது. தனிச் சாயம் வெளியேறிவிட்டது என்று மகிழ்ந்து அதைக் கொட்டிவிட்டேன். மேலே எஞ்சியதில் புரதமே இல்லை. 15 கிலோடால்டன் நானோபாடி முழுவதும் வடிகட்டியின் ஊடாக இறங்கி, அந்த நீலத்தோடு போய்விட்டது. 3 கிலோடால்டன் வடிகட்டியையே எடுங்கள். எந்த நீலத்தையும் ஜெல்லில் ஓட்டிப் பார்க்கும் வரை கொட்டாதீர்கள். 15% ஜெல்லில் 15 கிலோடால்டன் அருகே ஒளிரும் பட்டை நானோபாடி. ஜெல்லின் அடி முனையில் ஓடுவது தனிச் சாயம். பட்டை சரியாக இருந்தும் செல்லில் பிடிக்கவில்லை என்றால், எத்தனை சாயம் எங்கே ஏறியது என்பதை நிறை நிறமாலைக் கூடத்தில் கொடுத்துப் பார்ப்பதுதான் எஞ்சியிருக்கும் வழி.

எப்போது நிறுத்திவிட்டு அழைக்க வேண்டும்

துளிச் சோதனையில் நேற்று ஒளிர்ந்த கரைசல் இன்று பாதியாக ஒளிர்ந்தால், அல்லது காட்சிப்புலத்தின் ஒரு பக்கம் மட்டும் இருண்டால், சிலைடை விட்டுவிட்டுக் கூடப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். லேசர் பெட்டியையோ ஃபைபர் இணைப்பையோ நீங்கள் திறக்கவே கூடாது. தொலைச்சிவப்பு லேசர் கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதால் அபாயம் குறைவு என்று தோன்றும், ஆனால் விழித்திரையை அது காயப்படுத்தும். பொறியாளர் வரும்போது மூன்று சிலைடுகளையும், நான்கு நிற மணிகளின் படத்தையும், லேசர் அளவும் கேமரா நேரமும் குறித்த தாளையும் கையில் வைத்திருங்கள்.